மாணாக்கராய் வாழ்ந்த மகாமகோபாத்தியாயர்

நாள்தோறும் வைகறையில் நாம் ஓதும் பஞ்ச நமஸ்கார மந்திரத்தில் அருகர், சித்தர், ஆசாரியர் ஆகிய மூவருக்கும் அடுத்து, நான்காவதாக உபாத்தியாயரை வணங்குகின்றோம். அங்குக் குறிக்கப்பெறுவோர் ஆகமங்களைத் தாமும் ஓதிப் பிறர்க்கும் ஓதுவிக்கும் துறவியரே ஆவர். பள்ளிக்கூடத்தில் சுண்ணக்கட்டி பிடித்து நின்ற என்போன்றோர் அல்லர். ஆயினும், நம் ஊர்களில் வழங்கும் வாத்தியார் என்னும் சொல் உபாத்தியாயர் என்பதன் திரிபேயாகும். அந்தச் சொல்லுக்குரிய பெருமையில் ஓர் அணுவளவேனும் தம் தொழிலுக்கு உண்டு என்று எண்ணும் ஆசிரியர் தம் கடமையில் சோர்வடையமாட்டார்.

அந்தச் சொல்லையே பட்டமாகப் பெற்ற பெருமகனார் ஒருவர் தமிழகத்தில் வாழ்ந்தார். 1906ஆம் ஆண்டில் அரசினர் அவருக்கு மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டத்தை வழங்கினர். பெரிய உபாத்தியாயர்களுக்கெல்லாம் பெரியவர் என்பது அதன் பொருள். அவரே தமிழ்த் தாத்தா என நாம் அன்புடன் அழைக்கும் உ. வே. சாமிநாதையர். ஏடு தேடி அலைந்த பதிப்பாசிரியராக அவரை அனைவரும் அறிவர். சம்பளத்திற்குப் பாடம் சொன்ன பள்ளி ஆசிரியராக, அத்தொழிலில் அவர் கண்ட இன்பங்களை நினைப்போர் குறைவு. சமண மரபினராகிய நம்மோடு அவருக்கு இருந்த தொடர்பும் அந்த ஆசிரிய வாழ்வில் தோன்றியதே. ஆதலால் அவ்வாழ்வை இங்குச் சுருக்கமாகச் சொல்ல விழைகின்றேன்.

கும்பகோணத்திற்கு அண்மையிலுள்ள உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட அந்தணர் குடியில், 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் அவர் தோன்றினார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவல்லுநர். ஊர் ஊராகச் சென்று இராமாயணக் கதை சொல்லிக் குடும்பத்தை நடத்தியவர். தாயார் சரஸ்வதி அம்மாள். மகனும் இசை கற்றுத் தம்மைப்போல் வாழ வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். மகனின் உள்ளமோ தமிழை நாடியது. தமிழ் சொல்லிக் கொடுப்பவர் ஓர் ஊரில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டால் குடும்பத்தையே அவ்வூருக்குப் பெயர்த்துச் சென்றார் அந்தத் தந்தையார். அரியலூர், குன்னம், செங்கணம் என ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஆசிரியரிடம் சில நூல்கள் கற்றார் மகன். தம்மிடம் உள்ளதை எல்லாம் கொடுத்துவிட்டு, இதற்குமேல் என்னால் இயலாது, இன்னாரிடம் செல்க என்று வழிகாட்டிய அந்தச் சிற்றூர் ஆசிரியர்களின் பெயர்களை எண்பது வயதைக் கடந்த பின்னும் நன்றியோடு எழுதி வைத்தார் ஐயர்.

அவர்களுள் செங்கணம் விருத்தாசல ரெட்டியார் காட்டிய வழியிலேயே, 1871ஆம் ஆண்டில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்தார். நாடெங்கும் புகழ்பெற்றிருந்த பிள்ளையவர்களுக்கு ஒரு மனக்குறை இருந்தது. பாடம் கேட்க வருவோர் சிறிது காலம் இருந்துவிட்டுச் சொல்லாமலே பிரிந்துவிடுவர். இவரும் அவ்வாறு போய்விடுவாரோ என அவர் ஐயுற்றார். இறுதி வரை விட்டுப் பிரியான் என மகனுக்காகத் தந்தையார் உறுதி கூறினார். மகன் அதனைக் காத்தார். வேங்கடராமன் என்பது அவருக்கு இட்ட பெயர். சாமிநாதன் என்று மாற்றியழைத்தவர் பிள்ளையவர்களே. பெற்றோர் இட்ட பெயர் மறைந்து ஆசிரியர் இட்ட பெயரே உலகில் நிலைத்தது.

பிள்ளையவர்களின் வீட்டில் பொருள் நிறைந்திருந்ததில்லை; கடன் இருந்தது. ஆயினும் மாணாக்கர்க்குச் சோறும் கல்வியும் குறைவின்றிக் கிடைத்தன. சைவ மடத்தைச் சார்ந்த பெரும்புலவரிடம் அரியலூர்ச் சவேரிநாத பிள்ளை என்னும் கிறித்தவர் மகனைப் போல் இருந்து படித்தார். நாகூர் குலாம் காதிறு நாவலரும் அவரிடம் கற்றவரே. கற்க வந்தவனின் சமயத்தை அவர் வினவினாரல்லர். 1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் அவர் உயிர் நீத்த வேளையில் சவேரிநாத பிள்ளையும் சாமிநாதையரும் அருகில் இருந்தனர். ஆசிரியர் ஒருவர் வாழ்நாள் முழுதும் ஈட்டிய செல்வம் அவர் படுக்கையருகே கலங்கி நின்ற அந்த மாணாக்கர்களே எனலாம்.

அதன்பின் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் ஐயரை ஆதரித்தார். மடத்தில் இளையோர்க்குப் பாடம் சொல்லும் பணி ஐயருக்கு வாய்த்தது. 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வுபெற நேர்ந்தது. அவரும் பிள்ளையவர்களின் மாணாக்கரே. தம் இடத்திற்கு ஐயரே தக்கவர் எனத் துணிந்து, தேசிகரிடம் மன்றாடி இசைவு பெற்று, கல்லூரித் தலைவரிடம் பரிந்துரைத்தார். இருபத்தைந்தாம் வயதில் ஐயர் கல்லூரி ஆசிரியர் ஆனார்.

அக்காலக் கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பிப்போர்க்கே பெருமதிப்பும் பெருஞ்சம்பளமும் கிடைத்தன. தமிழ்ப் பண்டிதர் கடைசி இருக்கையில் அமர்த்தப்பெற்றவர். ஐயரோ ஆங்கிலம் கற்றிலர். ஆயினும் அவருடைய வகுப்பு இனிய வகுப்பாக விளங்கியது. தந்தையாரிடமிருந்து பெற்ற இசைச்செல்வம் அங்கே பயன்பட்டது. செய்யுளை இராகத்தோடு பாடிக் காட்டிப் பொருள் சொல்வார். கேட்ட மாணாக்கர் உள்ளத்தில் செய்யுள் தானே பதியும். இசையைத் தொழிலாகக் கொள்ளவில்லையே எனத் தந்தையார் வருந்தியிருப்பின், அவ்வகுப்பின் ஓரத்தில் நின்று கேட்டிருந்தால் அவ்வருத்தம் தீர்ந்திருக்கும்.

கற்க வேண்டியன எல்லாம் கற்றாயிற்று, நல்ல வேலையும் கிடைத்துவிட்டது என்று அமர்ந்துவிடக்கூடிய பருவம் அது. அவ்வாறு அமர்ந்துவிட்ட ஆசிரியர் பலரை நானும் கண்டிருக்கின்றேன். சில ஆண்டுகள் நானும் அவர்களுள் ஒருத்தியாய் இருந்ததுண்டு. ஐயரை அமர விடாமல் எழுப்பிய நாள் 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. அந்நாளைத் தம் வாழ்வின் திருப்பமாக அவரே குறித்திருக்கின்றார்.

அப்போது கும்பகோணத்திற்கு முன்சீபாக மாற்றலாகி வந்தவர் சேலம் இராமசாமி முதலியார். அவரைக் காணச் சென்ற ஐயரிடம், யாரிடம் படித்தீர், என்னென்ன படித்தீர் என முதலியார் வினவினார். தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள், புராணங்கள் என நீண்டதொரு வரிசையை ஐயர் பெருமிதத்தோடு எடுத்துரைத்தார். முதலியார் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. இவற்றிற்கெல்லாம் முற்பட்ட பழைய நூல்களைப் படித்ததுண்டா எனக் கேட்டு, சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை எனப் பெயர்களை அடுக்கினார். அவற்றுள் ஒன்றையும் ஐயர் படித்ததில்லை.

கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர்க்கு இது எத்தகைய இக்கட்டு என்பதை ஆசிரியத் தொழில் புரிந்தோர் நன்கு அறிவர். மழுப்பியிருக்கலாம், சமண, பௌத்த நூல்கள் சைவ மரபில் வந்த எமக்கு எதற்கு என்று சமயத்தைக் கேடயமாகக் கொண்டிருக்கலாம். ஐயர் படித்ததில்லை என்றே ஒப்புக்கொண்டார். பின்னர் முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியை அவரிடம் அளித்தார். வீட்டிற்குக் கொண்டு சென்று விரித்தபோது, அதுவரை கற்ற தமிழ் அனைத்தும் வாயிற்படியிலேயே நின்றுவிட்டது போன்ற திகைப்பு அவருக்கு உண்டாயிற்று. நச்சினார்க்கினியர் உரை இருந்தும் பல இடங்கள் விளங்கவில்லை. நம் சமயக் கொள்கைகளையும் குறியீட்டுச் சொற்களையும் அறியாமல் திருத்தக்கதேவர் நெஞ்சத்தை எங்ஙனம் அறிய இயலும்?

கும்பகோணத்திலேயே சமணர் குடும்பங்கள் இருப்பதை அறிந்து, அவர்களைத் தேடிச் சென்றார். அவர் முதலில் சென்ற சந்திரநாத செட்டியார் வீட்டு வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. இல்லத்தில் விழா ஏதேனும் உண்டோ என வினவினார். பல மாதங்களாக நடந்துவந்த சிந்தாமணிப் படனம் அன்றுதான் நிறைவெய்தியதென்றும், அதன் பொருட்டே அத்தோரணம் என்றும் தெரிந்தது. எந்த நூலை அறிந்தார் எவருமிலர் என அவர் ஏங்கினாரோ, அந்த நூல் அவர் வாழ்ந்த ஊரிலேயே, சில தெருக்களுக்கு அப்பால், வீட்டு விழாவாகக் கொண்டாடப்பெற்று வந்தது. அங்குச் சிந்தாமணிக்குப் பொருள் சொல்லி வந்தவர் வீடூர் அப்பாசாமி நயினார்.

காலையில் கல்லூரியில் ஆசிரியராய் நாற்காலியில் அமர்ந்தவர், மாலையில் நம்மவர் இல்லங்களில் மாணாக்கராய் அமர்ந்தார். நயினாரிடமும் செட்டியாரிடமும் கேட்டுக் கேட்டு ஐயங்களைத் தெளிந்தார். சமண நூல்களை வாங்கிப் படித்தார். முன்னொரு காலத்தில் நச்சினார்க்கினியரும் சிந்தாமணிக்கு எழுதிய முதல் உரையைச் சமணச் சான்றோர் ஏற்காமையால், சமண நூல்களைப் பயின்று மீண்டும் உரை எழுதினார் என வழிவழியாக ஒரு செய்தி உண்டு. அவ்வரலாறே ஐயர் வாழ்விலும் திரும்ப நிகழ்ந்தது போலும்! நெற்றியில் திருநீறு துலங்க வந்து, ஒவ்வொரு கொள்கையையும் பணிவோடு கேட்டறிந்த அவரைக் கண்டு, சமண இல்லத்துப் பெருமாட்டி ஒருவர், இவர் பவ்விய சீவன் போலும் எனத் தம் கணவரிடம் வியந்தாராம். வீடுபேற்றிற்குத் தகுதியுடைய உயிரையே நாம் அவ்வாறு அழைப்போம். ஐயர் அதனைத் தமக்குக் கிடைத்த பட்டமாகவே கருதி மகிழ்ந்தார். அரசினர் பட்டம் பின்னர் வந்தது. அதற்கு முன்னரே நம் இல்லத்து அம்மையார் ஒருவர் அவருக்குப் பட்டம் அளித்துவிட்டார்.

சைவ மடத்தில் வளர்ந்தவர் சமண நூலைப் பதிப்பிப்பதா எனக் குறை கூறியோரும் இருந்தனர். அச்சிடப் பணமில்லை, கையொப்பம் வாங்கிப் பொருள் திரட்ட வேண்டியிருந்தது. விடுமுறைதோறும் சென்னைக்குச் சென்று அச்சுப்பிழை திருத்தினார். ஏழாண்டு உழைப்பிற்குப் பின் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணி வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889லும், சிலப்பதிகாரம் 1892லும், புறநானூறு 1894லும், மணிமேகலை 1898லும் தொடர்ந்தன. கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையும் 1924இல் அவராலேயே உலகு கண்டது. எங்கள் சேதுநாட்டுக்கும் இப்புண்ணியத்தில் ஒரு பங்கு உண்டு. சேதுபதி மரபைச் சார்ந்தவரும், 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தோற்றுவித்தவருமாகிய பாண்டித்துரைத் தேவர், மணிமேகலை வெளிவரப் பொருளுதவி புரிந்தார். பௌத்த காப்பியத்தைச் சைவர் ஒருவர் பதிப்பிக்க, சைவ வள்ளல் ஒருவர் பொருள் வழங்கினார். உண்மையைப் பல பக்கங்களிலிருந்தும் காண வேண்டும் என்னும் அநேகாந்தத்தை நம் முன்னோர் நூலில் எழுதினர். இவர்கள் செயலில் எழுதினர்.

இவ்விடத்தில் என் அனுபவம் ஒன்றைக் கூறுதல் பொருந்தும். ஆசிரியப் பயிற்சி முடித்து, இளம்பருவத்தில் பெரியபட்டினத்தில் பணியாற்றினேன். மன்னார் வளைகுடாக் கரையில், பனைகளும் மணல்மேடுகளும் சூழ்ந்த ஊர் அது. என் வகுப்பில் பெரும்பாலோர் இசுலாமியச் சிறுவர் சிறுமியர். கடலோடிகள் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தனர். ஒரு நாள் மாணவன் ஒருவன் பச்சை நிறப் பளபளப்புடைய ஓட்டுத்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, இது என்ன டீச்சர் என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று நாற்பது பிள்ளைகள் முன் சொல்ல நாணி, உடைந்த கோப்பை என்று கூறி, தூர எறியச் சொன்னேன். அவன் முகம் வாடியது. எறிந்துவிட்டு வந்து பேசாமல் அமர்ந்தான். அதன்பின் அவன் எதையும் என்னிடம் கொண்டுவரவில்லை.

1980களில் அவ்வூரில் அகழாய்வு நடந்தபோது, பாண்டியர் காலத்தில் கடல் வாணிகத்தில் சிறந்திருந்த துறைமுகம் அது என்பதும், சீன நாட்டுப் பீங்கான் ஓடுகள் அங்கு ஏராளமாகக் கிடைக்கின்றன என்பதும் வெளியாயின. செய்தியைப் படித்தபோது என் கண்முன் நின்றது அச்சிறுவனின் வாடிய முகமே. பல நூற்றாண்டுகளுக்கு முன் கப்பலேறி வந்த ஒன்றை அவன் என் மேசைமீது வைத்தான். நான் என் பெருமையைக் காத்துக்கொண்டு அதனை எறிவித்தேன். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்த முதல் விதி. பாடக்குறிப்பேட்டில் அதனைப் பலமுறை எழுதியிருக்கின்றேன். அது பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று, ஆசிரியருக்கும் உரியது என்பதை ஐயர் வரலாற்றைப் படித்த பின்னரே உணர்ந்தேன். அன்று முதல், எனக்குத் தெரியாது, கேட்டு வந்து நாளை சொல்கிறேன் என்று வகுப்பில் சொல்லப் பழகினேன். அவ்வாறு சொன்னதால் என் மதிப்புக் குறையவில்லை. மாறாகச் சிப்பி, சங்கு, பழங்காசு, பாட்டி சொன்ன பழமொழி எனப் பிள்ளைகள் என் மேசையை நிறைத்தனர். டீச்சரம்மாவுக்கே தெரியாதாம் என்று வீட்டில் சொல்லி, முதியோரிடம் விடை கேட்டு ஓடிவரும் அவர்கள் முகத்தில் கண்ட ஒளிக்கு ஈடான ஊதியத்தை எந்த அரசும் எனக்கு அளித்ததில்லை. ஆயினும் அந்த ஒரு சிறுவனிடம் நான் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.

மீண்டும் ஐயர் வரலாற்றிற்கு வருவோம். 1903ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி, 1919 வரை அங்குப் பணியாற்றி ஓய்வுபெற்றார். பின்னர் 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராய் விளங்கினார். 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. மகாமகோபாத்தியாயர் பட்டம் பெற்றபோது பாரதியார் வாழ்த்துப்பா இயற்றினார். 1937இல் சென்னைக்கு வந்த காந்தியடிகள், ஐயரின் உரையைக் கேட்டு, அவர் அடியில் அமர்ந்து தமிழ் கற்கும் ஆவல் தமக்கு எழுவதாகக் கூறினார். இத்தனை சிறப்புகளுக்கும் நடுவில், திருவல்லிக்கேணிப் பகுதியில் இருந்த தம் இல்லத்திற்கு அவர் இட்ட பெயர் தியாகராச விலாசம் என்பதாகும். கல்லூரி வேலையை வாங்கித் தந்த தியாகராச செட்டியாரின் பெயர் அது. வீட்டு வாயிலைக் கடக்கும்போதெல்லாம் அந்நன்றியை அவர் நினைத்திருப்பார்.

எழுபத்தெட்டு வயதைக் கடந்த நிலையில், 1933, 1934ஆம் ஆண்டுகளில், தம் ஆசிரியர் பிள்ளையவர்களின் வரலாற்றை இரு பாகங்களாக எழுதி வெளியிட்டார். மாணாக்கர் எழுதாதிருந்தால் அம்மகாவித்துவானின் வாழ்க்கை நமக்குக் கிட்டியிராது. கற்பித்தவர் மறைந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் சொன்ன சொல்லையும் இட்ட சோற்றையும் மறவாத மாணாக்கர் ஒருவர் வாய்த்தாரே! ஆசிரியத் தொழிலில் கிட்டும் பயன் யாது எனக் கேட்போர்க்கு இதனைவிடத் தெளிவான விடை இல்லை. ஐயருக்கும் அத்தகைய மாணாக்கர் வாய்த்தனர். இறுதிக் காலத்தில் உடனிருந்து தொண்டு புரிந்த கி. வா. ஜகந்நாதன் அவர்களுள் ஒருவர். 1940 முதல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றை எழுதத் தொடங்கினார், அது முற்றுப்பெறவில்லை. போர் அச்சத்தால் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்றிருந்தபோது, 1942 ஏப்ரல் 28ஆம் நாள் அங்கேயே இவ்வுலக வாழ்வை நீத்தார். மறு ஆண்டு அவர் பெயரால் நிறுவப்பெற்ற நூல்நிலையம், அவர் தொகுத்த சுவடிகளைச் சென்னையில் காத்து வருகின்றது.

சிந்தாமணியைக் கற்றோர் சீவகனின் ஆசிரியர் அச்சணந்தியை மறந்திருக்கமாட்டார்கள். கலைகள் அனைத்தையும் கற்பித்து, சீவகனின் பிறப்பு வரலாற்றையும் உணர்த்திய பின், அவர் கேட்ட குருதட்சிணை பொன்னும் மணியும் அன்று. தந்தையைக் கொன்ற கட்டியங்காரன்மீது ஓராண்டு வரை சினங்கொண்டு எழாதிருக்க வேண்டும் என்பதே. மாணாக்கன் அடங்கியிருந்து நல்வாழ்வு எய்துவதொன்றையே ஆசிரியர் தம் கூலியாகக் கொண்டார். அந்த அச்சணந்தியை ஏட்டிலிருந்து மீட்டு நமக்குத் தந்தவரும் ஓர் ஆசிரியரே என்பது எண்ணி மகிழத் தக்கது.

உணவு, மருந்து, அபயம், சாத்திரம் என நம் அறநூல்கள் கூறும் நால்வகைத் தானங்களுள் சாத்திர தானம் கொடுக்கக் கொடுக்கக் குறையாதது. கும்பகோணத்துச் சமணச் சான்றோர் சைவர் ஒருவர்க்கு அதனை மனமுவந்து அளித்தனர். அவர் அதனை உலகிற்கு அளித்தார். இன்று நம் இல்லங்களில் சிந்தாமணிப் படனம் அருகிவிட்டது. தோரணம் கட்டுவோர் எங்கோ ஓரிருவரே. இவ்விதழைப் படிக்கும் பெற்றோரை ஒன்று வேண்டுகின்றேன். விடுமுறை நாட்களில் மாலைதோறும் பத்துச் செய்யுளேனும் பிள்ளைகளோடு அமர்ந்து படியுங்கள். பொருள் விளங்காவிடில், விளங்கவில்லை என்று பிள்ளைகள் முன்னிலையிலேயே ஒப்புக்கொண்டு, அறிந்தாரைக் கேளுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றனர். அழைத்தால் மகிழ்ந்து வருவர். யாரேனும் ஒரு பிள்ளை ஒரு வினாவோடு வாராதா எனக் காத்திருப்பவர்கள் அவர்கள்.

அறம் வளர்க! கல்வி ஓங்குக!